பேதி நின்ற பிறகு

மணமேல்குடிப் பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒன்றைக் கவனிக்கலாம். வயிற்றுப்போக்குக்கு அவர்களிடம் ஒரு சொல் இல்லை, நாலைந்து இருக்கு. சும்மா இளகிப் போனா ‘வயித்தால போகுது’. வாந்தியும் சேர்ந்துகிட்டா ‘வாந்திபேதி’. சளியும் ரத்தமுமா முறுக்கிக்கிட்டுப் போனா ‘சீதபேதி’. இதெல்லாம் நின்னு மாசக்கணக்கு ஆன பிறகும் வயிறு பழைய நிலைக்கு வராம, தின்னது தின்னபடியே வெளியே போய், நாக்கு வெந்து, ஆள் கரைஞ்சுகிட்டே வந்தா அதுக்குப் பேர் ‘கிராணி’.

முதல் மூன்று சொற்களும் இன்றைக்கும் புழக்கத்தில் உள்ளவை. நாலாவதை நான் கேட்ட இளவட்டங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சொல் போனதும், அந்தச் சொல் குறித்த நோயும் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அது போகவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் சாரம். கெட்டுப்போன சாப்பாட்டில் வந்த கிருமி நாலு நாளில் வெளியேறிவிடும். அது செய்துவிட்டுப் போன வேலை மூட்டிலோ, நரம்பிலோ, சிறுநீரகத்திலோ, குடலிலோ வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம். இதை மருத்துவ உலகம் எப்படிக் கண்டுபிடித்தது என்று தேடிக்கொண்டு போனால், கதையின் முக்கியமான சில பக்கங்கள் நம்ம தமிழ்நாட்டிலேயே, வேலூரில் எழுதப்பட்டிருக்கின்றன.

கிராணி என்ற பழைய சொல்

கிராணி என்பது ‘கிரஹணி’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். சித்த மருத்துவ நூல்கள் கழிச்சல் வகைகளோடு சேர்த்தே இதைப் பேசுகின்றன. ஆயுர்வேதத்தில் நோய்க்குறி சொல்லும் மாதவ நிதானம் இதைப் பற்றிச் சொல்லும் விதம் கவனிக்க வேண்டியது. பேதி நின்றுவிட்டது, ஆனால் பசித்தீ இன்னும் மந்தமாக இருக்கிறது, அந்த நேரத்தில் ஆகாததைத் தின்றால் கிரஹணி வரும் என்பது அதன் கருத்து. அதாவது பேதி வேறு, பேதிக்குப் பிறகு வருவது வேறு. முன்னது பின்னதற்கு வழி விடுகிறது. கிருமி என்ற சங்கதியே தெரியாத காலத்தில், நோயாளியைப் பல மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதியது இது.

நம்ம ஊருக்கு நோய் சம்பந்தமாக ஒரு புராணத் தொடர்பும் உண்டு. அறுபத்துமூவரில் ஒருவரான குலச்சிறையார் மணமேற்குடிக்காரர். நெடுமாறன் என்ற பாண்டியனுக்கு அமைச்சர். அந்த மன்னனுக்கு வெப்பு நோய் கண்டு, சம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்த கதை பெரியபுராணம் படித்த எல்லாருக்கும் தெரியும். அதில் வெப்பும் தீர்ந்தது, கடைசியில் அவன் கூனும் நிமிர்ந்தது. நோய்க் கதைகள் எல்லாமே இப்படி முடிய வேண்டும் என்றுதான் மனசு ஆசைப்படுகிறது. காய்ச்சல் விட்டது, பேதி நின்றது, சுபம். நடப்பு அப்படி இல்லை.

பத்தி இல்லாத நோய்

1817இல் வங்காளத்தின் ஜெசோர் பக்கம் கிளம்பிய காலரா, அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் வந்துவிட்டது. அங்கிருந்து கடல் தாண்டி இலங்கைக்கும் போனது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல், ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர் பாதையிலும், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகள் போன பாதையிலும் வாந்திபேதி கூடவே நடந்தது. மண்டபத்தில் இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்துச் சோதித்த முகாம் இந்தப் பயத்தில் வந்ததுதான். அப்போது மணமேல்குடி புதுக்கோட்டையைச் சேர்ந்த ஊர் இல்லை, தஞ்சாவூர் ஜில்லா. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இந்தக் கடற்கரை இந்தப் பக்கம் வந்தது.

அந்தக் காலத்துக் கிராம சாவுப் பதிவுகளில் காரணம் எழுத சில தலைப்புகள்தான் இருந்தன. காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், சீதபேதியும் வயிற்றுப்போக்கும், மூச்சு நோய், காயம், மற்றவை. அவ்வளவுதான். செத்தவர்களைக் கணக்கெடுக்க அது போதும். பிழைத்தவர்களுக்கு அதில் பத்தியே கிடையாது. பேதியில் பிழைத்து, ஆறு மாசம் கழித்து உடம்பு வற்றிச் செத்தவரை ‘காய்ச்சல்’ என்றோ ‘மற்றவை’ என்றோ கர்ணம் எழுதியிருப்பார். கிராணி என்று ஊர் சொன்னது பதிவேட்டில் ஏறவில்லை. வரலாறு எழுத உட்காருகிறவனுக்கு இது பெரிய தொல்லை: எண்ணப்படாத ஒன்றை இல்லாத ஒன்றாக எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

வேலூரின் கிராமங்கள்

வெள்ளைக்காரர்களுக்கும் கிராணி வந்தது. 1759இல் வில்லியம் ஹில்லரி என்ற மருத்துவர் பார்படோஸ் தீவில் இதே மாதிரி நோயை விவரித்தார்: நாக்கு வெந்து, வயிறு போய்க்கொண்டே இருந்து, உடம்பு தேய்வது. ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்கள் இதைத் தங்கள் மொழிச் சொல்லால் அழைத்தார்கள். அதிலிருந்து ‘ஸ்புரூ’ என்ற பெயரை 1880 வாக்கில் பாட்ரிக் மேன்சன் ஆங்கில மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். ரொம்ப நாள் இதை வெப்பநாட்டுக்கு வந்த வெள்ளைக்காரனின் நோயாகவே பாவித்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கும் குடியானவனுக்கும் இதே நோய் வரும் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கப் பல காலம் ஆனது.

இதற்கிடையில் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சோதனைகள் செய்தார். ஈஸ்ட் சாற்றில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது, அது அந்த ரத்தசோகையைத் தீர்க்கிறது என்று காட்டினார். அதுதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. கிராணி நோயாளிக்குக் குடலில் உறிஞ்ச முடியாமல் போகும் சத்துகளில் முக்கியமானது இதுவே. இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரைக்கும், பேதிக்குப் பின் வற்றிப்போன குடலுக்கும் இப்படி ஒரு உறவு.

1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு கிராமங்களில் பேதி கொள்ளை நோயாகப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலியரும், வி. ஐ. மாத்தனும் அந்த ஊர்களுக்குப் போய், நோயாளிகளை நோய் ஆரம்பித்த நாளிலிருந்து பின்தொடர்ந்தார்கள். 1968இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ஒரு மைல்கல். என்ன பார்த்தார்கள் என்றால்: எல்லாருக்கும் ஒரே மாதிரி சாதாரணப் பேதியாகத்தான் தொடங்கியது. சிலருக்குச் சில நாளில் நின்றது. சிலருக்கு வாரங்கள் ஆனது. ஒரு பகுதியினருக்கு நிற்கவே இல்லை; மலத்தில் கொழுப்பு போனது, ஃபோலிக் அமிலமும் பி12உம் குறைந்தது, ரத்தம் சுண்டியது, எடை இறங்கியது. ஊர் சொன்ன கிராணி அதுதான்.

ஒரே ஒரு கிருமியை அவர்களால் குற்றவாளியாக நிறுத்த முடியவில்லை. ஆனால் பெருங்குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் சிறுகுடலில் குடியேறிப் பெருகியிருந்ததும், டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் பலர் தேறியதும் தெரியவந்தது. பிறகு வந்த ஆண்டுகளில், நல்ல ஆரோக்கியமாக நடமாடும் தென்னிந்தியக் கிராமவாசிகளின் குடலைப் பார்த்தபோதும், உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மேல்நாட்டார் குடலில் இருப்பதைவிட மழுங்கியே இருந்தன. நோய் என்று சொல்லாத நிலையிலேயே நம் குடல் பழைய பேதிகளின் தழும்போடு இருக்கிறது.

1916: ஒரே வருஷத்தில் இரண்டு செய்தி

குடலைத் தாண்டி வேறு உறுப்புக்கும் போகும் என்பது போர்க்களத்தில் தெரியவந்தது. முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் சீதபேதி சர்வசாதாரணம். 1916இல் பிரான்சில் ஃபியசிங்கர், லெரோய் என்ற இருவரும், ஜெர்மனியில் ஹான்ஸ் ரைட்டரும் தனித்தனியாக ஒரே விஷயத்தை எழுதினார்கள். பேதி வந்து போன சிப்பாய்க்குச் சில வாரத்தில் மூட்டு வீங்குகிறது, கண் சிவக்கிறது, சிறுநீர் எரிகிறது. இதற்கு ரொம்ப காலம் ரைட்டர் பெயரே இருந்தது. அவர் பிற்பாடு நாஜி ஆட்சியில் உயர் பதவி வகித்தவர் என்பதால் அந்தப் பெயரைக் கைவிட்டு, இப்போது ‘எதிர்வினை மூட்டழற்சி’ என்கிறார்கள்.

அதே 1916இல், பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் கியான், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் கால் மரத்து நடக்க முடியாமல் போன இரண்டு சிப்பாய்களைப் பற்றி எழுதினார்கள். அந்த நோய்க்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்பது தெரிய இன்னும் 60 வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மூட்டுக் கதைக்கு இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. 1944இல் பின்லாந்துப் போர்முனையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருக்குச் சீதபேதி வந்தது. அதில் 344 பேருக்கு இந்த மூட்டு நோய் வந்ததை பாரோனன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். 1962இல் ‘லிட்டில் ராக்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் 1,276 பேரில் 602 பேருக்கு ஷிகெல்லா கிருமியால் பேதி. ஒன்பது பேருக்கு மூட்டும் கண்ணும் வீங்கின. பல வருஷம் கழித்து அவர்களில் சிலரைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, பெரும்பாலோருக்கு நோய் இன்னும் விட்டபாடில்லை. எச்எல்ஏ-பி27 என்ற மரபுக்கூறு உள்ளவர்களுக்கே இது அதிகம் வருகிறது என்பதும் அப்போது உறுதியானது. ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே சோற்றைத் தின்ற ரெண்டு பேரில் ஒருத்தர் தப்பித்து இன்னொருத்தர் மாட்டிக்கொள்வதற்கு ஒரு காரணம் இது.

என் பெரியம்மா ஒருத்தர் இங்கே கருவாடு காயப்போட்டு விற்றுப் பிழைத்தவர். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்வந்து, பந்தியில் சாப்பிட்ட பலருக்கும் மாதிரி அவருக்கும் வயிற்றால் போனது. அவர் சொல்வது: “வயித்தால போனது நாலு நாளுதான் தம்பி. அத நான் மறந்தே போயிட்டேன். மூணு வாரம் இருக்கும், முட்டி ரெண்டும் தேங்கா கணக்கா வீங்கிக்கிச்சு. கண்ணு வேற செவந்து போச்சு. குத்தவச்சு உக்கார முடியல. கருவாட்டுக்காரி குத்தவைக்க முடியலன்னா என்னத்தப் பண்றது?”

கண்ணேறு என்றார்கள், சுற்றிப்போட்டார்கள். வாதம் என்றார்கள், முடக்கத்தான் அரைத்துக் கொடுத்தார்கள். காசு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசியில் ஒரு மருத்துவர்தான், “இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் வயித்தால போச்சாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்லவும் பெரியம்மாவுக்குத் தோன்றவில்லை. முட்டிக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வீக்கம் வற்ற ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷத்தில் அவர் தொழில் கைமாறிப் போய்விட்டது. இப்போது நடக்கிறார், ஆனால் குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை.

சிறுநீரகம்: 1978உம் 2000உம்

1970களில் தென்னிந்தியாவில் ஷிகெல்லா சீதபேதி கடுமையாகப் பரவியது. வேலூர் மருத்துவர்கள் அப்போது கண்ட ஒன்றை 1978இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சீதபேதி வந்த சில குழந்தைகளுக்கு, பேதி குறைகிற சமயத்தில் சிறுநீர் நின்றுபோனது, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தன, உடம்பு வெளுத்தது. கிருமி விடும் நஞ்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை அடைத்ததால் வந்த வினை. ஐந்து வருஷம் கழித்து, கனடாவில் கர்மாலி என்பவரின் குழு, ஈ.கோலை கிருமியில் ஒரு வகையும் இதே மாதிரி நஞ்சை உண்டாக்கி இதே நோயைத் தரும் என்று காட்டியது. மேல்நாட்டில் அதை ‘ஹாம்பர்கர் நோய்’ என்று பேசுகிறார்கள். சரியாக வேகாத மாட்டிறைச்சியில் அந்த ஈ.கோலை இருக்கும்.

பிழைத்தவர்களைப் பல வருஷம் எண்ணிப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. கனடாவின் வாக்கர்டன். ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சின்ன ஊர், நம்ம மணமேல்குடி அளவுதான் வைத்துக்கொள்ளுங்கள். 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்றில் கலந்தது. ஈ.கோலையும் காம்பிலோபாக்டரும் குழாய்த் தண்ணீரில் வந்தன. சுமார் 2,300 பேர் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். சாதாரணமாக, அத்தோடு கணக்கை மூடியிருப்பார்கள். அங்கே மூடவில்லை. ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களை எட்டு வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, நோயே வராதவர்களில் பத்தில் ஒருவருக்கு வயிறு அடிக்கடி கெடும் ‘எரிச்சல் குடல்’ தொல்லை இருந்தது. நோய் வந்தவர்களிலோ மூன்றில் ஒருவர் அளவுக்கு. எட்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் மறையவில்லை: 5 சதவீதத்துக்கு 15 சதவீதம். கடுமையாகப் பேதி கண்டவர்களுக்கு ரத்தக் கொதிப்பும், சிறுநீரகக் குறைபாடும், இதய நோயும் கூடுதலாக இருந்தன. இதில் ஒரு பகுதி புதுச் செய்தி இல்லை. 1962இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் சவுத்ரி, ட்ரூலவ் இருவரும் எரிச்சல் குடல் நோயாளிகளிடம் கதை கேட்டபோது, நாலில் ஒரு பங்கினர் ‘ஒரு சீதபேதிக்கு அப்புறம்தான் இப்படி’ என்று சொல்லியிருந்தார்கள். வாக்கர்டன் அதை எண்ணிக்கையாக்கிக் காட்டியது.

கால் மரத்துப்போகும் கதை

இப்போது கியான்-பாரேக்கு வருவோம். காம்பிலோபாக்டர் என்ற கிருமி கோழி வயிற்றில் சாதாரணமாக வாழ்வது. மனிதர் மலத்திலிருந்து அதை எளிதாக வளர்த்துப் பார்க்கும் முறையை 1977இல்தான் ஸ்கிரோ என்ற ஆங்கிலேயர் பரப்பினார். அதற்கு முன் அது கண்ணுக்கே தெரியாத கிருமி. 1982இல் இங்கிலாந்தில் ஒரு நோயாளிக்கு இந்தக் கிருமியால் பேதி வந்து, பின்னாடியே கை கால் விழுந்த செய்தி வெளியானது. 1991இல் வட சீனக் கிராமங்களில் கோடைதோறும் குழந்தைகள் முடங்குவதை ஆராய்ந்தவர்களும் இதே கிருமியின் தடத்தைக் கண்டார்கள்.

நடப்பது ஒரு ஆள்மாறாட்டம். கிருமியின் மேலோட்டில் உள்ள சர்க்கரைக் கட்டமைப்பும் நம் நரம்பின் மேல் உள்ள ஒரு பொருளும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் எதிர்ப்பு சக்தி, கிருமி போன பிறகு நரம்பை அடிக்கிறது. பேதி நின்று ஒன்று முதல் மூன்று வாரத்தில் கால் விரலில் ஊறல், பிறகு தளர்ச்சி, அது மேலே ஏறி மூச்சுத் தசை வரை போகலாம். காம்பிலோபாக்டர் வந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இது வரும் என்கிறார்கள். வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஆறு மாதத்துக்குப் பிறகும் பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடிவதில்லை.

ஆயிரத்தில் ஒன்று என்பது சின்ன எண்ணாகப் படும். 2025 ஜனவரியில் புனே நகரத்தில் அது எப்படி இருக்கும் என்று பார்த்தோம். சிங்ககட் சாலை, நாந்தேட் கிராமம், கிர்கட்வாடி என்று நகரின் ஒரு ஓரத்தில், சில வாரங்களில் 200க்கும் மேற்பட்டவர்களுக்குக் கியான்-பாரே என்ற சந்தேகம் எழுந்தது. பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். நோயாளிகளின் மலத்தில் காம்பிலோபாக்டர் இருந்தது. சந்தேகம் குடிதண்ணீர் மேல் விழுந்தது. தண்ணீர் மாசு என்றால் நாலு நாள் வயிற்றுக்கோளாறு என்று நினைத்திருந்த நகரம், சுவாசக் கருவிக்கும் ஊசி மருந்துக்கும் லட்சக்கணக்கில் செலவழித்தது.

சாவுக் கணக்கு குறைந்ததும் நடந்தது

1971 வங்கதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் காலரா. ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோய், திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழி கொடுக்க வைத்தார். 100க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது. நம்ம ஊர் மருந்துக்கடையில் தொங்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் அங்கிருந்து வந்த வரம். இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பதிவேட்டில் சாவுப் பத்தி மட்டும் இருந்த நாட்டில் அந்தப் பத்தி சுருங்கியதும், பேதியே சின்ன விஷயமாகிவிட்டது. 2004 முதல் மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டம் வாராவாரம் பட்டியல் போடுகிறது. ‘உணவு நஞ்சு’ என்று ஒரு வகை அதில் உண்டு. எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள்: இரண்டு எண். ஆறு மாதம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு அதிலும் பத்தி இல்லை. வெள்ளைக்காரன் போட்ட கோட்டில்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் விடுதியில் சாப்பாடு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். செத்துப்போனார்கள் என்று வதந்தி கிளம்பி, பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் செய்தி அடங்கியது. டெல்டா மாவட்டங்களிலிருந்தும் நம்ம பக்கத்திலிருந்தும் போய் இப்படி விடுதிகளில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்திக்கு ஒரு மாதம் கழித்து முட்டி வீங்கினால், வேலையை விட்டு ஊருக்கு வந்துவிடுவாள். அது அந்த விடுதிச் சாப்பாட்டின் கணக்கில் சேராது. நஷ்டஈடு கேட்கவும் வழியில்லை, கேட்க வேண்டும் என்றும் தெரியாது.

குழந்தைகள் கதை இன்னும் நுட்பம். 2009 முதல் எட்டு நாடுகளில் நடந்த ‘மால்-எட்’ ஆய்வில் இந்தியாவுக்காக வேலூர் நகரம் இடம்பெற்றது. அந்த எட்டு இடங்களிலும் சேர்த்து, முதல் பிறந்தநாளுக்குள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மலத்தில் ஒருதரமாவது காம்பிலோபாக்டர் இருந்தது. பலருக்குப் பேதிகூட இல்லை. ஆனால் அந்தக் கிருமி அதிகம் தென்பட்ட குழந்தைகள் இரண்டு வயதில் உயரத்தில் குறைந்திருந்தார்கள். பேக்கரும் மாத்தனும் பெரியவர்கள் குடலில் கண்ட மழுங்கல், இங்கே குழந்தையின் வளர்த்தியில் தெரிகிறது.

எல்லா நஞ்சும் தழும்பு வைக்காது

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நம்ம கடற்கரை வாழ்க்கையில் வருகிற பல நஞ்சுகள் ஒன்றிரண்டு நாளில் சுத்தமாகப் போய்விடும். வெயிலில் கிடந்த சூரை, அயிலை மாதிரி மீனில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். சில மணி நேரத்தில் அடங்கும். ஆறிய சோற்றில் வரும் பேசில்லஸ் நஞ்சும், சமைத்தவர் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சும் பெரும்பாலும் ஒரு நாள் கூத்து. கடல் நீரில் வாழும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் முதலில் அறியப்பட்டது 1950இல், ஜப்பானின் ஒசாகாவில். குஞ்சு மத்தியைக் காயவைத்த கருவாட்டால் 272 பேர் படுத்து 20 பேர் இறந்தபோது. 1996இல் கொல்கத்தாவில் தென்பட்ட அதன் ஒரு வகை உலகம் சுற்றியது. அது பொல்லாததுதான், ஆனால் பிழைத்தவர்களில் பெரும்பாலோரை அது விட்டுவிடுகிறது.

தழும்பு வைக்கிறவை காம்பிலோபாக்டர், ஷிகெல்லா, சால்மொனெல்லா, யெர்சினியா, நஞ்சு விடும் ஈ.கோலை. டைபாய்டு தனி ரகம்: குணமானவர்களில் நூற்றுக்குச் சிலரின் பித்தப்பையில் அந்தக் கிருமி காலம் பூரா தங்கிவிடும். நியூயார்க்கில் சமையல்காரியாக இருந்த மேரி மாலன் 1907இல் அப்படிப் பிடிபட்டார். இரண்டு தவணையாக மொத்தம் 26 வருஷம் அடைத்து வைக்கப்பட்டார். கிருமி தங்கியவருக்குப் பித்தப்பைப் புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இதைப் படிக்கிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது காசு கேட்காதது. விருந்திலோ விடுதியிலோ கடையிலோ சாப்பிட்டு வயிறு கெட்டால், தேதியையும் சாப்பிட்டதையும் ஒரு காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். அடுத்த ஒன்றரை மாதத்தில் எந்த உபாதைக்கு மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், ‘இன்ன தேதியில் வயித்தால போச்சு’ என்று நீங்களே சொல்லுங்கள். கால் மரத்து, தளர்ந்து, படி ஏற முடியாமல் போனால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மறுநாள் என்று தள்ளக்கூடாது. ரத்தபேதி கண்ட குழந்தை மூத்திரம் குறைந்து, முகம் வெளுத்து ஊதினால் அதுவும் அப்படியே. ரத்தபேதிக்குக் கடையில் நாமாக மாத்திரை வாங்கிப் போடக்கூடாது, சில ஈ.கோலை வகைக்குத் தவறான மருந்து நஞ்சைக் கூட்டிவிடும். மாதம் தாண்டியும் வயிறு போய், எடை குறைந்தால், ரத்தத்தையும் மலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஊர் வரலாறு சேகரிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரியவர்களிடம் காலரா வருஷத்தையும் புயல் வருஷத்தையும் கேட்கிறோம். கூடவே, ‘அப்ப பிழைச்சவங்க யாரு, அதுக்கு அப்புறம் அவங்க எப்படி இருந்தாங்க?’ என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கிய பிறகு, ‘அவ அந்தப் பேதிக்கு அப்புறம் தேறவே இல்லப்பா’ என்ற வரியை மூன்று வெவ்வேறு வீட்டில் எழுதிக்கொண்டேன். எந்தப் பதிவேட்டிலும் அந்த மூன்று பேரும் இல்லை.